ஒலிக்கூடமும் ஓலைச்சுவடியும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இலக்கியமும் இசையும்' என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்திருந்தார். அகன்ற தலைப்பு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் தொடங்கினேன் என்றால், பல்லாவரத்திலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் வந்திருப்போர்க்குக் கடைசி மின்தொடர் வண்டியும் கிடைக்காது. ஆகவே, ஒலிப்பதிவுக் கூடங்களில் இசைக் கலைஞர்கள் வழக்கத்துக்கு மாறாகச் செய்து பார்த்த சில செயல்களைப் பற்றி மட்டும் பேச இசைவு பெற்றுக்கொண்டேன்.

தமிழாசிரியைக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பத்தாண்டுகளாக நம் மாதக் கூட்டங்களில் பதிவு செய்து வைத்த கவிதை வாசிப்புகளில் சிலவற்றைத் தேர்ந்து ஓர் ஒலித்தொகுப்பாக வெளியிட வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. கேட்டுத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான்கு மாதங்களாக இரவுதோறும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உங்கள் குரல்களைக் கேட்டு வருகின்றேன். யார் எந்த வரியில் தொண்டையைச் செருமுவார் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். அந்தப் பணியின் நடுவே ஒரு சிக்கல் எழுந்தது. அதற்கு விடை தேடிப் போன வழியில் கண்டவற்றைத்தான் இங்கே சொல்லப் போகின்றேன்.

முதலில் என் சொந்த வீட்டிலிருந்து தொடங்குகின்றேன். பத்துப்பாட்டில் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தரை ஆற்றுப்படுத்தும் அப்பாட்டு, வழியிலுள்ள மலையில் எழும் ஓசைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கின்றது. அருவியின் ஓசை, புலி பாய்ந்த கணவனின் புண்ணை ஆற்றக் கொடிச்சி பாடும் பாட்டு, வேங்கைப் பூவைப் பறிக்க வந்த பெண்கள் 'புலி புலி' என்று எழுப்பும் கூச்சல், தினை குற்றுவோரின் வள்ளைப் பாட்டு, கரும்பாலையின் ஓசை எனப் பட்டியல் நீள்கின்றது. மலை என்னும் யானையிடத்துப் பிறக்கும் ஓசைகளை மதநீராகக் கண்டதால் பாட்டுக்கு அப்பெயர் வந்தது என்று உரையாசிரியர் விளக்குவர். புலவர் அந்த மலையில் ஓர் ஒலிவாங்கியை நட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டார் என்றே எனக்குத் தோன்றும். பாணரின் பையில் யாழும் முழவும் இருக்கின்றன. ஆயினும் இசை அவற்றில் மட்டும் இல்லை, மலையிலும் இருக்கின்றது. இந்த எண்ணத்தை மனத்தில் இருத்திக்கொண்டு கோடம்பாக்கத்துக்கு வருவோம்.

தொடக்க காலப் பேசும் படங்களில் நடிப்பவரே பாடினார். பக்கவாத்தியக்காரர் ஒளிப்பதிவுக் கருவியின் கண்ணில் படாமல் மரத்தின் பின்னாலும் புதரின் பின்னாலும் மறைந்து நின்று வாசித்தனர். 1938இல் மெய்யப்பச் செட்டியார் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் என்பவர் பாடினார். தமிழில் பின்னணிக் குரல் அங்கே தொடங்கியது என்பர். உடல் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்னும் ஏற்பாடு அன்று எத்துணைப் பெரிய மீறலாக இருந்திருக்கும் என்பதை இன்று நம்மால் உணர முடியவில்லை. மீறல் வழக்கமாகி, வழக்கம் மரபாகிவிட்டது. கூடு விட்டுக் கூடு பாயும் கதைகளைக் கேட்டு வளர்ந்த மக்களாதலால் எளிதில் ஏற்றுக்கொண்டோமோ என்னவோ!

ஒற்றைத் தடப் பதிவுக் காலம் எப்படி இருந்தது என்று காண விரும்புவோர் 1964இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தைப் பாருங்கள். அதில் ஒரு பாடலுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்சியாக்கினர். எம்.எஸ். விசுவநாதன் கையசைத்து நடத்த, டி.எம். சௌந்தரராசன் ஒலிவாங்கியின் முன் நின்று பாட, வாத்தியக்காரர் கூடம் நிறைய அமர்ந்திருக்கின்றனர். எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். குரல் உரக்கக் கேட்க வேண்டுமானால் பாடுபவர் ஒலிவாங்கிக்கு அருகில் வர வேண்டும். முரசு அடங்க வேண்டுமானால் முரசுக்காரரைத் தொலைவில் அமர்த்த வேண்டும். கடைசி அடியில் ஒருவர் விரல் வழுக்கினாலும் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இத்தகைய அறையில் ஒருவர் பிழை அனைவர் பிழை. அந்தக் காலத்துப் பாடல்களில் நாம் கேட்கும் ஒருவிதப் பதற்றம், அதாவது எல்லாரும் ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போன்ற இறுக்கம், இதனால் வந்தது என்பது என் கருத்து.

அந்த நெருக்கடிக்குள்ளும் துணிச்சலான சோதனைகள் நிகழ்ந்தன. 1969இல் வந்த 'சிவந்த மண்' படத்தில் எல்.ஆர். ஈசுவரி பாடும் பாடல் ஒன்றில் சவுக்கடியின் ஓசையைத் தாளத்தோடு தாளமாகச் சேர்த்திருப்பார் விசுவநாதன். வலியின் ஓசை தாளக் கருவியாகிவிட்டது. கேட்கும்போது தலையாட்டுவதா, துணுக்குறுவதா என்று தெரியாமல் தவிப்போம். அந்தத் தவிப்புத்தான் காட்சியின் பொருள்.

கவிஞர்களுக்கு நான் சிறப்பாக நினைவூட்ட விரும்புவது 1978இல் வந்த 'சிட்டுக்குருவி' படப் பாடல் ஒன்றை. இளையராசா இசை, வாலி பாட்டு, பாலசுப்பிரமணியமும் சுசீலாவும் பாடினர். இருவரும் இரு வேறு இசை வரிகளை ஒரே நேரத்தில் பாடும் வகையில் அமைந்தது அது. மேனாட்டார் இசையில் இது பழைய உத்தி. ஆனால், தமிழ்ச் சொற்களைக் கொண்டு அதைச் செய்ய வேண்டுமானால் பாட்டெழுதுபவர் என்ன பாடுபட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஆண் பாடும் சொற்கள் தனித்து நின்றாலும் பொருள் தர வேண்டும்; பெண் பாடும் சொற்களும் தர வேண்டும்; இரண்டும் பின்னிக்கொண்டாலும் தர வேண்டும். சித்திரகவி எழுதிய நம் பழம்புலவர் இதைக் கேட்டிருந்தால் எழுந்து நின்று பாராட்டியிருப்பர். போதாக்குறைக்குப் பாட்டின் நடுவே பேருந்து நடத்துநரின் குரல் வேறு வருகின்றது. காதலர் உள்ளம் எங்கோ பறந்துகொண்டிருக்க, நிறுத்தம் வந்துவிடுகின்றது. மலைபடுகடாத்தின் ஓசை இங்கே பேருந்து ஏறி வந்திருக்கின்றது.

இனி, கடல் கடந்து சற்றே சென்று வருவோம். இலண்டன் ஆபி சாலை ஒலிக்கூடத்தில் 1966இல் பீட்டில்ஸ் குழுவினர் ஒரு பாடலைப் பதிவு செய்தனர். மலை உச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போலத் தம் குரல் கேட்க வேண்டும் என்றார் ஜான் லெனன். ஒலிப்பொறியாளர், ஆர்மோனியத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க ஹாமண்டு ஆர்கனுக்குரிய சுழலும் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் லெனனின் குரலைச் செலுத்தி, அங்கிருந்து வெளிவந்ததைப் பதிவு செய்தார். மற்றொருவர் வீட்டில் செய்து கொண்டுவந்த ஒலிநாடா வளையங்களை ஒரே நேரத்தில் பல கருவிகளில் ஓட விட்டனர். நாடா தளராமல் இருக்கக் கூடத்து ஊழியர்கள் பென்சில்களில் அவற்றை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றனராம். நம் வீட்டுப் பெண்கள் நூல் சுற்றுவதற்கு ஆளைப் பிடித்து நிறுத்துவது என் நினைவுக்கு வருகின்றது.

பிங்க் ஃபிளாய்டு குழுவினர் 1973இல் வெளிவந்த, பணத்தைப் பற்றிய தம் பாடல் ஒன்றுக்குக் காசு குலுங்கும் ஓசையையும் தாள் கிழியும் ஓசையையும் கடைக் கல்லாவின் ஓசையையும் நாடாவில் பிடித்து, அளவுகோலால் அளந்து வெட்டி, ஒட்டி, வளையமாக்கி ஓட விட்டனர். காசுகளைப் போட்டுக் குலுக்கியது குழுவில் ஒருவரின் மனைவி மண்பாண்டம் வனையக் களிமண் பிசையும் கலத்தில். அந்தப் பாடல் ஏழு அட்சரத்தில் நடக்கின்றது. மிச்ர சாபு என்று நம்மவர் சொன்னால் அவர்கள் வியப்படைவர்.

எனக்கு மிகவும் பிடித்தது செருமானியக் குழுவொன்றின் கதை. 'கான்' என்பது அதன் பெயர். கொலோன் நகருக்கு அருகே கைவிடப்பட்ட ஒரு பழைய திரையரங்கை எடுத்துக்கொண்டு, ஓசை எதிரொலிக்காமல் இருக்கப் படையினர் பயன்படுத்திய ஆயிரத்தைந்நூறு மெத்தைகளைச் சுவர்களில் அறைந்தனர். இரண்டே தடங்கள் கொண்ட பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக வாசித்துப் பதிவு செய்தனர். பின்னர் அவர்களுள் ஒருவரான ஹோல்கர் சூக்காய், நாடாவை வெட்டி ஒட்டிப் பாடலை 'எழுதினார்'. முதலில் வாசிப்பு, பிறகு பாட்டு. கத்தரிக்கோல் எழுத்தாணியாயிற்று. பணமுடை வந்தால் படைப்பு தடைப்படும் என்று புலம்புகின்ற நமக்கு அந்த மெத்தைகள் ஒரு பதில் என்று கருதுகின்றேன். சேலையூரில் நம் உறுப்பினர் வீட்டு மாடியறையில் இலவம்பஞ்சு மெத்தையையும் கோரைப்பாயையும் சுவரில் சாய்த்து வைத்து நாம் பதிவு செய்த மூன்று கவிதைகளும் கேட்பதற்கு நன்றாகவே வந்துள்ளன. ஆனால் மே மாதத்தில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு! அன்று வாசித்தவர்களின் குரலில் உள்ள ஈரம் பாதி வியர்வை.

நம் ஊருக்குத் திரும்புவோம். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில், ஏமநாத பாகவதரைத் துரத்துவதற்காக விறகு விற்பவராக வரும் சிவபெருமான் பாடும் காட்சி அனைவரும் அறிந்தது. ஒரே சிவாசி பல உருவமாகி, பாடுவதும் அவராய், கருவிகளை வாசிப்பதும் அவராய்த் தோன்றுவார். இறைவனுக்கு மட்டுமே இயலும் என்று திரையில் காட்டப்பட்ட அச்செயல், பல தடப் பதிவு வந்த பின் மானுடர்க்கும் வாய்த்தது. ஒருவரே வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு தடங்களில் வாசித்து, எல்லாவற்றையும் ஒருங்கே ஒலிக்கச் செய்யலாம்.

அந்த வசதியைத் தன் வழியில் கையாண்டவர் ஏ.ஆர். ரகுமான். 'ரூட்ஸ்' முதலிய குழுக்களில் விசைப்பலகை வாசித்தவர். 'நெமிசிஸ் அவென்யூ' என்னும் ராக் குழுவைச் சென்னையில் தொடங்கியவர். 1989இல் தம் வீட்டின் பின்புறத்தில் 'பஞ்சதன்' ஒலிக்கூடத்தை அமைத்தார். 1992இல் 'ரோஜா' வந்தபோது நான் குரோம்பேட்டையில் பள்ளி மாணவி. அண்ணன் வாங்கி வந்த ஒலிப்பேழையைக் கேட்டுவிட்டு என் தந்தையார், "இது என்னடா, பாடுகிறவன் நம் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு பாடுகிறான்!" என்றார். மிகச் சரியான திறனாய்வு அது. பழைய பாடலில் பாடகர் கூடத்தின் நடுவில் நின்றார். நாம் தொலைவிலிருந்து கேட்டோம். இங்கே தொலைவு இல்லை. கலைஞர்கள் தனித்தனியே வந்தனர், பெரும்பாலும் இரவில். பாடகர் ஒரே வரியைப் பல விதமாகப் பாடிவிட்டுப் போவார். எது பாட்டில் நிற்கும் என்பது அவருக்கே தெரியாது. புல்லாங்குழல் கலைஞர் தம் மனம்போல் வாசித்தது வேறோர் இடத்தில் வந்து பொருந்தும். காதற்பாட்டைப் பாடிய இருவர் ஒருவரையொருவர் பாராமலே போவதும் உண்டு. இதில் இழப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 'சர்வர் சுந்தரம்' கூடத்தில் இருந்த அந்தப் பொது மூச்சு இங்கே இல்லை. அதற்கு ஈடாக, ஒரு பெருமூச்சைக்கூட அருகில் வைத்துக் கேட்கும் நுணுக்கம் கிடைத்தது.

அதே ரகுமான் 1993இல் 'திருடா திருடா' படத்தில், கருவிகள் அனைத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு மனிதக் குரல்களை மட்டும் கொண்டு ஒரு பாடலை அமைத்தார். வைரமுத்து எழுத, சாகுல் அமீது பாடினார். இளையராசாவும் 'மாயாபஜார் 1995' படத்தில் குரல்களால் மட்டுமே ஆன பாடல் ஒன்றைத் தந்துள்ளார். கணிப்பொறி வந்த பிறகுதான் இருவர்க்கும் குரலின் மேல் இந்தக் காதல் பெருகியது என்பது கவனிக்கத்தக்கது.

சாகுல் அமீது 1997இல் விபத்தில் மறைந்தார். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2024இல், 'லால் சலாம்' படப் பாடல் ஒன்றில் அவர் குரல் மீண்டும் ஒலித்தது. 2022இல் மறைந்த பம்பா பாக்கியாவின் குரலும் அதில் ஒலித்தது. செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு அக்குரல்கள் உருவாக்கப்பட்டன. இரு குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக ரகுமான் அறிவித்தார். அந்தப் பாடலைக் கேட்ட அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. மகிழ்ச்சியா அச்சமா என்று பிரித்தறிய முடியவில்லை. ஏனெனில், அப்போது என் மேசைமேல் வேறொரு மறைந்தவரின் குரல் இருந்தது.

முடிச்சூர் ஐயா என்று நாம் அழைத்த மூத்த கவிஞரை இங்கே பெரும்பாலோர் அறிவீர்கள். 2015 பெருவெள்ளம் வடிந்த மறு ஆண்டில் நம் வட்டம் தொடங்கியபோது, முதல் கூட்டத்தில் முதலில் வாசித்தவர் அவரே. ஏரி இருந்த இடத்தில் வீடுகள் எழுந்ததையும், ஒருநாள் இரவில் நீர் திரும்பி வந்து கதவைத் தட்டியதையும் பாடும் அவர் கவிதையைக் கேட்காதவர் இங்கில்லை. வந்த நீர் வீட்டுக்காரரிடம் ஒன்றைக் கேட்பதாகக் கவிதை முடியும். அந்தக் கடைசிச் சொல்லை அவர் மாற்றிக்கொண்டே இருப்பார். ஒரு கூட்டத்தில் நீர் 'முகவரி' கேட்கும். மற்றொரு கூட்டத்தில் 'வாடகை' கேட்கும். அவருடைய குறிப்பேட்டில் இரண்டு சொற்களும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டுள்ளன, இரண்டும் அடிக்கப்படவில்லை.

நாம் கூடும் பள்ளி அறைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஒரு மதில்தான் உண்டு. 1931 முதல் மின்தொடர் ஓடும் தடம் அது. வண்டி வந்தால் வாசிப்பதை நிறுத்தி, போனதும் தொடர்வது நம் எழுதாத சட்டம். ஐயாவும் அப்படித்தான் நிற்பார். கடைசியாக வாசித்த அன்று அவர் நிற்கவில்லை. அப்போது அவருக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது; வண்டி வந்ததே அவருக்குத் தெரியவில்லை. கடைசி அடியை அவர் சொல்லும்போது ஊதல் ஒலிக்கின்றது. வாய் அசைவதை நாங்கள் கண்டோம். சொல் கேட்கவில்லை. பதிவிலும் இல்லை. யாரும் அப்போது கேட்டறியவில்லை. அடுத்த மாதம் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

ஒலித்தொகுப்பில் உதவும் தம்பி கெட்டிக்காரர். வண்டி ஓசை மட்டும் கேட்கும் பகுதியை மாதிரியாகக் கொடுத்தால், அதே போன்ற ஓசையைப் பதிவு முழுவதிலிருந்தும் கழித்துவிடும் மென்பொருளை அவர் பயன்படுத்தினார். தெளிவாகத்தான் வந்தது. ஆனால், அடிகளுக்கு இடையே ஐயா விடும் மௌனங்களையும் வெற்றிடம் என்று எண்ணி அது சுருக்கிவிட்டது. மூச்சு போயிற்று. கவிதை, வானொலிச் செய்தி போல ஓடிற்று. கவிஞர்களே, அடி எங்கே முடிகின்றது என்பது தாளில் வெற்றிடமாகவும் குரலில் மௌனமாகவும் இருக்கின்றது. அதை வெட்டினால் உரைநடைதான் மிஞ்சும். தம்பியிடம் சொன்னேன், மறுவாரமே மௌனங்களை மீட்டுக்கொடுத்தார்.

எஞ்சியது அந்தச் சொல். "அம்மா, பழைய பதிவிலிருந்து 'வாடகை'யை எடுத்து இங்கே ஒட்டிவிடலாம். இல்லையென்றால் அவர் குரலிலேயே புதிதாகச் சொல்ல வைக்கவும் முடியும்" என்றார் தம்பி. ஐயாவின் மகளும் தொலைபேசியில், "அப்பா குரல் மட்டும் போதும் மேடம், வண்டிச் சத்தம் வேண்டாம்" என்றார். அந்த வேண்டுகோளை எளிதில் ஒதுக்கும் துணிவு எனக்கில்லை. சூக்காய் வெட்டி ஒட்டினார், ரகுமான் பொறுக்கிச் சேர்த்தார், நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும் என்று நானே என்னிடம் வாதாடினேன். அவர்கள் தம் படைப்பைத் தாமே வெட்டினார்கள் என்பது ஒன்று. சாகுல் அமீதின் குரலைப் பொறுத்தவரை, பாட்டு புதியது; அவர் சொல்லாத சொல்லை அவர் சொன்னதாக யாரும் நம்பப் போவதில்லை. இங்கே நாம் ஒட்டினால், ஐயா அன்று சொன்ன சொல் அதுவே என்று வருங்காலம் நம்பும். அன்று அவர் மூன்றாவதாக ஒரு சொல்லைக் கண்டடைந்திருந்தால்?

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்த இடங்களில் புள்ளியிட்டார். சந்தம் தெரிந்தவர், சொல் தெரிந்தவர், நிரப்பியிருக்க முடியாதவரா? 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை என்றால் எண்ணை மட்டும் விட்டு வைத்தார். முனைவர் பட்ட ஆய்வின்போது அந்தப் புள்ளிகளை எத்தனையோ முறை கண் ஓட்டிக் கடந்திருக்கின்றேன். அவை ஒருவர் தம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடங்கள் என்பது இந்த நான்கு மாதங்களில்தான் எனக்கு உறைத்தது. செல்லரித்த இடத்தில் புள்ளி. நம் பதிவில் செல்லுக்குப் பதில் மின்தொடர்.

ஆகவே, செயற்குழுவின் முன் என் பரிந்துரையை இந்த மேடையிலேயே வைக்கின்றேன். மகளுக்கு ஓசை நீக்கிய படி ஒன்றைத் தனியே தருவோம். அது ஒரு பெண்ணுக்கும் அவர் தந்தைக்கும் உரியது. தொகுப்பில் பதிவு உள்ளபடியே இடம்பெறட்டும். உடன் அச்சிடும் ஏட்டில் கடைசிச் சொல்லின் இடத்தில் புள்ளிகள் வரட்டும். அடிக்குறிப்பில் 'முகவரி', 'வாடகை' என்னும் இரு பாடங்களையும் தருவோம். மறுப்புடையோர் வரும் ஞாயிறு கூட்டத்தில் தாராளமாகச் சொல்லலாம். என் மாணவர்களுள் இருவர் இப்போதே மறுக்கின்றனர், அவர்களும் வருவர்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். நான்கு நிமிடம் இசைவு தந்தால் அந்தப் பதிவை இப்போதே கேட்டுவிடலாம். தம்பி, ஒலிபெருக்கியைச் சற்றுத் தாழ்த்தி வையுங்கள். ஐயா உரக்கப் பேசுபவர் அல்லர். சன்னலைச் சாத்த வேண்டாம். ஏழு ஐம்பது வண்டி இனிமேல்தான் வர வேண்டும்.